சீன அகராதிச் செயலி: அரிய எழுத்துகளை வடிகட்டினால் சாதாரண எழுத்தும் சேர்ந்து போகுது

திருப்பூர்_நிட்டிங்

வணக்கமுங்க. சிசி-செடிக்ட் என்கிற இலவசச் சீன-ஆங்கில அகராதிக் கோப்பை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஏற்றி, ஆண்ட்ராய்டில் நெட் இல்லாமல் ஓடுற சின்ன சீன அகராதி ஒண்ணு தயாராகுது. முக்கியமான சொல்லுக்கு மட்டும் தமிழ்ப் பொருள் சேர்த்திருக்கு. பயன்படுத்தப் போறது இங்கத்த மெர்ச்சண்டைசரும் மெக்கானிக்கும். அவங்க தேடுறது பின்னல் மிஷின் மேனுவல், துணி லேபிள், சப்ளையர் விசிட்டிங் கார்டில் வர்றதைத்தான்.

பின்யினில் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதுற முறை) ‘யி’ என்று அடித்தால் பட்டியல் ஓடிக்கிட்டே இருக்குது. பாதிக்கு மேல் இன்றைக்கு யாரும் எழுதாத எழுத்து. அதனால 2013-ல் சீன அரசு வெளியிட்ட பொது நியம எழுத்துப் பட்டியலை எடுத்து, அதன் 8,105 எழுத்தில் இல்லாத வரியை எல்லாம் அழிச்சாச்சு. அழிச்ச பிறகு ‘குதிரை’ இல்லை, ‘இயந்திரம்’ இல்லை. ஆனால் ‘மனிதன்’ இருக்கு, ‘தண்ணீர்’ இருக்கு. பட்டியல் முழுசா இருக்குதா என்று எண்ணியும் பார்த்தாச்சு. எங்கே தப்புங்க?

பீளமேடு_கோடு

நீங்க ஒப்பிட்டது தப்பான நெடுவரிசைங்க. செடிக்ட் வரியில் முதலில் நிற்பது தைவானில் எழுதுற பழைய வடிவம், ஒரு இடைவெளி விட்டுச் சீனாவில் எழுதுற எளிய வடிவம், அப்புறம் சதுர அடைப்பில் பின்யின், அதுக்குப் பிறகு சாய்கோடு போட்டுப் பொருள். இடைவெளியில் உடைத்து முதல் துண்டை எடுத்திருப்பீங்க. 8,105 பட்டியலோ எளிய வடிவத்துக்கானது. குதிரைக்குப் பழைய வடிவம் 10 கோடு, எளிய வடிவம் 3 கோடு. ரெண்டுக்கும் யூனிகோடில் தனித்தனி எண். மனிதனும் தண்ணீரும் ரெண்டு முறையிலும் ஒரே எழுத்து, அதனால்தான் அவை தப்பிச்சுது. இரண்டாவது துண்டோடு ஒப்பிட்டால் குதிரை திரும்பி வந்துடும்.

நொய்யல்கரை

மேலே சொன்னது சரி. ஆனால் வரியை அழிக்கிற வேலையே வேண்டாமுங்க. அகராதியில் ஒருத்தர் தேடி வர்றதே தெரியாத எழுத்துக்குத்தான். அதை அழிச்சுட்டால் பிறகு அகராதி எதுக்கு? அரிய எழுத்தைப் பட்டியலின் அடிக்குத் தள்ளுங்க, அது போதும்.

அட்டவணையில் ‘அடுக்கு’ என்று ஒரு எண் நெடுவரிசை சேருங்க. நியமப் பட்டியலே மூன்றாகப் பிரிஞ்சுதான் இருக்கு: முதல் நிலை 3,500, இரண்டாவது 3,000, மூன்றாவது 1,605. அதையே 1, 2, 3 என்று போட்டு, எதிலும் வராததுக்கு 9 போடுங்க. ஒரே அடுக்குக்குள்ளே வரிசைப்படுத்த ஆய்வாளர் ஜுன் டா 2004-ல் தொகுத்த அலைவெண் பட்டியல் (எந்த எழுத்து எவ்வளவு அடிக்கடி வருது என்கிற கணக்கு) உதவும். அதில் 9,933 எழுத்துக்குத் தரவரிசை இருக்கு. ‘யி’ என்று அடிச்சால் 1, 2 மட்டும் தெரியட்டும், அடியில் ‘மேலும் காட்டு’ என்று ஒரு வரி. 1, 2 சேர்த்தும் பத்துக்குக் குறைவாக வந்தால் கேட்காமலேயே மீதியையும் காட்டிடுங்க.

பின்யினில் தேடும்போது மட்டும்தான் இந்த வடிகட்டல். விரலால் வரைஞ்சோ, ஒட்டியோ, கேமராவில் பிடிச்சோ எழுத்தே உள்ளே வந்தால் அடுக்கைப் பார்க்கவே கூடாது. அந்த எழுத்து அவர் கண் முன்னால் இருக்குது. அதே மாதிரி, இரண்டு எழுத்தோ அதுக்கு மேலோ உள்ள சொல்லை எழுத்தின் அடுக்கை வைத்து மறைக்காதீங்க. திராட்சைக்கான ‘பூ-தாவ்’ சொல்லில் இரண்டு எழுத்தும் அந்தச் சொல்லை விட்டுத் தனியாக அதிகம் வராது. சொல்லோ பழக்கடையில் தினமும் புழங்குறது.

இன்னொரு பெரிய குப்பை, ‘இன்னதன் பழைய மாற்று வடிவம்’ என்று மட்டும் பொருள் போட்ட வரிகள். அவற்றை மூல எழுத்துக்குத் திருப்பி விடுங்க. ஒரு எச்சரிக்கை: சில வரியில் ஒரு பொருள் மாற்று வடிவம் என்றிருக்கும், அடுத்த பொருள் உயிரோடு இருக்கும். சாய்கோட்டுக்கு நடுவே உள்ள எல்லாத் துண்டும் மாற்று வடிவம் என்று சொன்னால் மட்டும் திருப்புங்க.

பெருந்துறை_டெக்ஸ்

அலைவெண் பட்டியலை அப்படியே நம்பினால் நம்ம ஊர் வேலைக்கு அடிபடும். நாவலிலும் செய்தியிலும் அபூர்வமாக வர்றது மேனுவலில் பக்கத்துக்குப் பத்து தடவை வரும். அக்ரிலிக் நூலுக்கு ‘ஜிங்-லுன்’ என்பாங்க. அந்த ‘ஜிங்’, 1980-ல் வந்த ஜிபி2312 என்கிற சீனக் கணினி எழுத்துக் குறியீட்டிலேயே 3,755 எழுத்து உள்ள முதல் நிலையில் இல்லை. 3,008 உள்ள இரண்டாம் நிலையில்தான் கிடக்குது. லேபிளில் அக்ரிலிக் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறவருக்கு அதுதானே முதல் எழுத்து? பம்புக்கு ‘பெங்’: மேலே கல், கீழே தண்ணீர். கோயமுத்தூர் பக்கம் இதைத் தேடாத ஆள் இருக்க மாட்டாங்க.

விசிட்டிங் கார்டில் இன்னும் சிக்கல். ‘ஷின்’ என்று ஒரு எழுத்து, பொன் என்பதை மேலே ஒண்ணு கீழே ரெண்டு என அடுக்கினது. கட்டுரையில் கண்ணில் படாது, கம்பெனிப் பெயரிலும் ஆள் பெயரிலும் ஏராளம். முன்னாள் பிரதமர் ஜு ரோங்ஜியின் ‘ரோங்’ ஜிபி2312-ல் இல்லவே இல்லை. முன்னாடி மாற்று வடிவம் என்று ஒதுக்கி வைத்திருந்த 45 எழுத்தை 2013 பட்டியலில் திரும்பச் சேர்த்தாங்க. பெயரில் வர்ற ‘ஜெ’ (மங்களம் என்கிற எழுத்து இரண்டு தடவை பக்கத்துப் பக்கத்தில்) அதில் ஒண்ணு.

அதனால அடுக்கு 0 என்று ஒண்ணு வையுங்க. நூல் வகை, மிஷின் பாகம், சாயம், கம்பெனிப் பெயர் எழுத்து என்று 200, 300 கையால் சேர்த்துத் தனிக் கோப்பில் வைத்தால், செடிக்ட் புதுப் பதிப்பு ஏற்றும்போதும் அழியாது.

பீளமேடு_கோடு

இன்னும் கொஞ்சம் கவனிக்கணுமுங்க.

ஆண்ட்ராய்டு நிரல்மொழியான கோட்லினில் சரத்தின் நீளம் யூடிஎஃப்-16 என்கிற குறியாக்கத்தின் அலகில் வரும். யூனிகோடில் அரிய சீன எழுத்துகள் இருக்கிற விரிவாக்கம் பி-யில் உள்ள ஒரே எழுத்துக்கு நீளம் 2 என்று சொல்லும். ‘நீளம் 1 என்றால் எழுத்து, இல்லாட்டி சொல்’ என்று பிரிச்சிருந்தால் அரிய எழுத்து எல்லாம் சொல் பக்கம் போய், அடுக்கே விழாது. கோட்பாயின்ட்டை, அதாவது யூனிகோடு எண்களை, எண்ணுங்க. எஸ்க்யூலைட்டில் நீளம் சொல்ற லெங்த் கட்டளை சரியாகவே எண்ணும், அதனால இரண்டு இடத்தில் இரண்டு விடை வந்து குழப்பும்.

பிடிஎஃப் மேனுவலிலிருந்து காப்பி எடுத்தால் சில சமயம் சாதாரண எழுத்துக்குப் பதிலாக யூனிகோடில் எழுத்தின் உறுப்புகளுக்கென்று தனியாக இருக்கிற காங்ஷி வேர்க்குறித் தொகுதியின் 214 குறிகளில் ஒண்ணு வந்து உட்காரும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, எண் மட்டும் வேற. தேடலுக்கு முன்னால் என்எஃப்கேசி இயல்பாக்கம் (இப்படிப்பட்ட குறிகளைச் சாதாரண எழுத்தாக மாத்துற யூனிகோடு முறை) ஓட்டினால் சரியாகும்.

வட்டமாக எழுதுற சுழியம் யூனிகோடில் சீன எழுத்துத் தொகுதியிலேயே இல்லை, குறியீடுகளோடு இருக்கு. ஆண்டு எழுதும்போது வரும். அடுக்கு 1-ல் கையால் போடுங்க.

திருப்பூர்_நிட்டிங்

இரண்டாவது துண்டுக்கு மாத்தினதும் குதிரையும் இயந்திரமும் வந்துடுச்சுங்க, ரொம்ப நன்றி. இன்னொரு சந்தேகம்: தைவான் மிஷின் மேனுவல் பழைய வடிவத்தில் வருது. அதுக்கும் இதே அடுக்கு போதுமா? அப்புறம் ‘ஷான்’ என்று அடிச்சால் ‘தான்’ எழுத்து மேலே வந்து நிக்குது.

நொய்யல்கரை

தைவானுக்குத் தனி நெடுவரிசை வேணுமுங்க. அங்கத்த கல்வி அமைச்சகத்தின் பொதுப் புழக்கப் பட்டியல் 4,808 எழுத்து. பழைய வடிவத்துக்கான பிக்5 என்கிற கணினி எழுத்துக் குறியீட்டின் முதல் நிலை 5,401. பிக்5 நிலையை நிரலாலேயே பிரிச்சுடலாம் என்பதால் அதையே எடுங்க. முதல் துண்டோடு ஒப்பிடுங்க.

‘ஷான்’ விஷயம்: அந்த எழுத்து ‘தான்’ என்று படிக்கும்போது ஒற்றை, ‘ஷான்’ என்றால் பெரும்பாலும் குடும்பப் பெயர். தரவரிசை எழுத்துக்குத்தான் இருக்கு, உச்சரிப்புக்கு இல்லை. செடிக்டில் குடும்பப் பெயருக்குப் பின்யின் பெரிய எழுத்தில் தொடங்கும். ஓரெழுத்து வரியில் அப்படி வந்தால் அடுக்கில் 2 கூட்டுங்க. ‘ஷான்’ என்பதற்கு ‘மலை’ மேலே வந்துடும்.