20 லிட்டர் பீருக்கு எவ்வளவு பெரிய மாஷ் டன் தேவை?

கேள்வி: நுரைப்பிரியன்

மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை விட்டுவிட்டு முழுத் தானியத்திலிருந்தே பீர் காய்ச்சத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. ஒவ்வொரு முறையும் 20 லிட்டர் கிடைக்குமாறு கணக்கிடுகிறேன். 19 லிட்டர் கொள்ளும் ஐஸ் பெட்டி ஒன்றின் அடியில் சல்லடைத் தட்டைப் பொருத்தி, அதையே மாஷ் டன்னாக, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் கலமாகப் பயன்படுத்தி வருகிறேன். தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், தண்ணீரை 1 என வைத்து அளப்பது) 1.045 அளவிலுள்ள பீர்களுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. சென்ற வாரம் 1.075 என்ற அடர்த்தியைக் குறிவைத்து 7 கிலோ மால்ட்டைக் கொட்டியபோதுதான் சிக்கல் தொடங்கியது. கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீர்கூட ஊற்ற இடமில்லாமல் கலவை சேறுபோல் இறுகி, உள்ளே நனையாத மாவுக் கட்டிகள் தங்கிவிட்டன. இறுதியில் கிடைத்த அடர்த்தி 1.058 மட்டுமே. 38 லிட்டர் ஐஸ் பெட்டி, 60 லிட்டர் எஃகுப் பானை ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்? பெரியதையே வாங்கிவிட்டால் பிற்காலத்தில் வருந்த நேராது என்று தோன்றுகிறது.

மறுமொழி: மால்ட்மூட்டை

பீரின் அளவை வைத்துக் கலத்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பிசகும். அதே 20 லிட்டருக்கு ஒருவர் 4 கிலோ மால்ட்டும் மற்றொருவர் 8 கிலோவும் போடுவார்கள். நீங்கள் காய்ச்ச விரும்பும் மிகக் கனமான பீரிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிலோ உலர்ந்த மால்ட், தண்ணீரில் கலந்த பிறகு ஏறத்தாழ 0.67 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கிலோவுக்கு 3 லிட்டர் தண்ணீர் ஊற்றினால், ஒவ்வொரு கிலோவுக்கும் 3.67 லிட்டர் இடம் வேண்டும். 5 கிலோவுக்கு 18.4 லிட்டர், உங்கள் பழைய பெட்டி விளிம்புவரை நிரம்பிவிடும். 7 கிலோவுக்கு 25.7 லிட்டர்.

ஆனால் 1.075க்கு 7 கிலோ போதும் என்று நம்பிவிடாதீர்கள். வடித்த பிறகும் ஒவ்வொரு கிலோ மால்ட்டும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வோர்ட்டை (மால்ட்டிலிருந்து இறங்கும் இனிப்புக் கரைசலை) தன்னுள் பிடித்துக்கொள்கிறது. மால்ட் கூடக்கூட அந்த வோர்ட் கெட்டியாக இருப்பதாலும், கழுவி எடுக்க மிஞ்சும் தண்ணீர் குறைவதாலும், விளைதிறன் (மால்ட்டின் சர்க்கரையில் வோர்ட்டுக்கு வந்துசேரும் பங்கு) இறங்கும். ஆகவே 8 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள்: 29.4 லிட்டர். சல்லடைக்கு அடியில் தேங்குவதற்கு ஒன்றிரண்டு லிட்டர், கிளறுவதற்கும் வெப்பம் குறைந்தால் வெந்நீர் சேர்ப்பதற்கும் மூன்று நான்கு லிட்டர் என்று கூட்டினால், 38 லிட்டர் பெட்டி சரியாகப் பொருந்தும்.

மறுமொழி: வடிகுழாய்

60 லிட்டர் பானையை வாங்கி வருந்தியவன் நான். என் பானையின் விட்டம் 45 செ.மீ.; வழக்கமான 4.4 கிலோ மால்ட்டைப் போட்டால் கலவை 10 செ.மீ. உயரம்கூட எட்டுவது கடினம். தானியப் படுகைதான் வோர்ட்டை வடிகட்டுகிறது என்பதால், அது மெலிந்திருந்தால் தெளியாத வோர்ட்டே வெகுநேரம் வந்துகொண்டிருக்கும். அதே கலவை 34 செ.மீ. விட்டமுள்ள பெட்டியில் ஏறத்தாழ 18 செ.மீ. நிற்கும்.

வெப்ப இழப்பு இதைவிடப் பெரிய தொல்லை. மூடிக்கடியில் கிடக்கும் வெற்றிடமும், போர்வையில்லாத எஃகுச் சுவரும் சேர்ந்து, 67 பாகையில் தொடங்கிய கலவையை ஒரு மணி நேரத்தில் 62க்கு இறக்கிவிட்டன. நாவில் கனமாக இருக்க வேண்டிய பீர், நொதித்து முடிந்தபோது தண்ணீராக இருந்தது. எந்தக் கலமானாலும் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். 25 பாகையில் உள்ள மால்ட்டை, கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 67 பாகைக்குக் கொண்டுவர 73 பாகைத் தண்ணீர் போதும் என்ற கணக்கு, சூடேற்றிய கலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

நுரைப்பிரியன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: கனமான பீரை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் காய்ச்ச மாட்டேன். ஆனால் புதிய செய்முறைகளை 10 லிட்டர் அளவில் சோதித்துப் பார்ப்பதுண்டு. அதற்கு 38 லிட்டர் பெட்டி மிகப் பெரியதாகிவிடாதா?

மறுமொழி: மால்ட்மூட்டை

ஆகிவிடும். 10 லிட்டருக்கு 2.3 கிலோ மால்ட் போதும். கலவை எட்டரை லிட்டர்தான் வரும். அதற்கு உங்கள் பழைய பெட்டியே ஏற்றது என்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஆண்டுக்கு இரண்டே முறை என்றால், புதிதாக எதையும் வாங்காமலேயே சமாளிக்கலாம். பழைய பெட்டியில் 5 கிலோ மால்ட்டை, கிலோவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, 75 விழுக்காடு விளைதிறனில் வடித்தால், 20 லிட்டருக்கு 1.056 கிடைக்கும். கொதிக்கும்போது ஒரு கிலோ உலர்ந்த மால்ட் சாற்றைக் கரைத்தால் 1.075க்கு எஞ்சிய 18, 19 புள்ளிகளும் (ஒரு புள்ளி என்பது 0.001) சேர்ந்துவிடும்.

நுரைப்பிரியன்

கணக்கு சரிதான், ஆனாலும் சாற்றிடம் மீண்டும் போக மனம் ஒப்பவில்லை. வெறும் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 38 லிட்டர் பெட்டியை வாங்கிவிடுகிறேன், பழையது சோதனைகளுக்கு இருக்கட்டும்.

மறுமொழி: வடிகுழாய்

அப்படியானால் பெட்டியை அது நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகு நிரப்புங்கள். 8 கிலோ மால்ட்டும் 24 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் 32 கிலோ. கொதிகலத்துக்கு வோர்ட் தானாக இறங்குமளவு உயரம் வேண்டும் என்பது, நிரப்பிய பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது.