தொய்வா, தளர்வா?

பிழைதிருத்தி:
ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்க்கிறேன். நேற்று ‘மழைநீர் வடிகால் பணியில் தொய்வு’ என்று வந்ததைத் ‘தளர்வு’ என்று மாற்றினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, “2021 மே மாதத்திலேயே இருக்கிறீரா? தளர்வுகளற்ற முழு ஊரடங்கு முடிந்து எவ்வளவு நாளாச்சு!” என்றார். இரண்டும் ஒன்றுதானே?

கயிற்றுக்கட்டில்:
ஒன்றில்லை. என் அப்பா கட்டில் பின்னுவார். புதுக் கயிறு பின்னி ஒரு மாதம் ஆள் படுத்தால் நடுவில் குழி விழும். அதுதான் தொய்வு, யாரும் செய்வதில்லை, பாரம் தாங்கித் தாங்கித் தானாக வருவது. அதற்காகவே கால்மாட்டில் ஒரு முழம் இடம் விட்டுத் தனிக் கயிறு கோத்திருப்பார். ஒரு காலைச் சட்டத்தில் உதைத்துக்கொண்டு, அந்தக் கயிற்றை ஒவ்வொரு சுற்றாக இழுத்துக்கொண்டே போவார். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. ‘டம்’ என்று கேட்டால்தான் முடிச்சுப் போடுவார்.

பழைய பின்னலைப் பிரிக்கும்போது மட்டும் ‘முடிச்சைத் தளர்த்துடா’ என்பார். வயதானால் உடம்பு தானாகத் தளர்கிறது, வாஸ்தவம். ஆனால் தளர்வை நாமாகக் கொடுக்கவும் முடியும். ‘ஊரடங்கில் தளர்வு அளித்தார்கள்’ சரி. ‘தொய்வு அளித்தார்கள்’ என்று எழுதிப் பாருங்கள், இளிக்கும்.

அதற்காகத் தொய்வுதான் சரியென்றும் சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் தீபாவளிக்கு முன்பு தோண்டிய பள்ளம் பொங்கல் கழிந்தும் அப்படியே கிடக்கிறது. அதற்குப் பெயர் மெத்தனம். தானாகத் தொங்கிப்போக அது என்ன கட்டில் கயிறா?

வடமராட்சி:
எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் தொய்வு எண்டால் ஆஸ்துமா. அம்மம்மாவுக்குத் தொய்வு, மார்கழிப் பனியில் இரவிரவாக இழுக்கும். தமிழ்நாட்டுப் பத்திரிகையில் ‘கட்சிப் பணிகளில் தொய்வு’ எண்டு முதல்முறை வாசித்தபோது, பாவம், கட்சிக்கும் மூச்சு முட்டுதாக்கும் எண்டு நினைத்தேன்.

பிழைதிருத்தி:
இன்று ‘மெத்தனம்’ என்று மாற்றலாமா என ஆசிரியரிடமே கேட்டேன். “யாருடைய மெத்தனம்? அப்புறம் அவரிடம் விளக்கம் கேட்டுப் போடணும், இருக்கிறதா?” என்றார். தொய்வு என்றே அச்சுக்குப் போய்விட்டது.