தேய்ந்துபோன கல்வெட்டைப் படிக்கும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: எங்கே தொடங்குவது?

புதுகைப் பொடியன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இ.சி.இ. மூன்றாமாண்டு முடிக்கப்போகிறேன். எங்கள் பேட்சில் மூன்று பேர். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் சிவன் கோயிலில் கருவறைச் சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கல்வெட்டு. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து பிரசாதம் தின்றே வளர்ந்தவன், ஒரு வரி படித்ததில்லை. போனில் படம் எடுத்துக் கொடுத்தால் எழுத்தை அடையாளம் கண்டு இன்றைய எழுத்தில் தரும் செயலி ஒன்று செய்யலாம் என்று நினைத்தோம். கைடு, "டீப் லேர்னிங் போடுங்க, டைட்டில் எடுப்பா இருக்கும்" என்கிறார்.

சிக்கல் என்னவென்றால், எடுத்த படத்தில் எங்கள் கண்ணுக்கே எழுத்து தெரியவில்லை. உச்சி வெயிலில் வெறும் சாம்பல் நிறக் கல். ஃப்ளாஷ் போட்டால் இன்னும் மோசம். இதை வைத்து எந்த மாடலுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது? ஆகஸ்டில் ஜீரோத் ரிவ்யூ (தலைப்பை ஒப்புதலுக்கு வைக்கும் முதல் கூட்டம்). கையில் நண்பனின் பழைய டி.எஸ்.எல்.ஆர்., ஒரு லேப்டாப், ஓரளவு பைத்தான். பணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிக்கொள் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

பிக்சல் பித்தன்:

ஓப்பன்சிவியில் (படங்களைக் கையாளும் இலவச மென்பொருள் தொகுப்பு) க்ளாஹே என்ற ஃபில்டர் போட்டுக் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு எட்ஜ் டிடெக்‌ஷன். பாதி வேலை முடிந்துவிடும்.

சாய்வொளி:

பித்தன் சொன்னதை ஒரு மாலை செய்து பாருங்கள், நஷ்டமில்லை. ஆனால் படத்தில் விழாத நிழலை எந்த ஃபில்டரும் கொண்டுவராது. கல்லின் புள்ளியும் கறையும்தான் கூடுதல் கறுப்பாகத் தெரியும்.

நான் கோவையில் வார்ப்புப் பாகங்களைக் கேமரா வைத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஷாப்பில் ஒரு கீறல் கேமராவுக்குத் தெரியவில்லை என்றால் யாரும் சாஃப்ட்வேர் பக்கம் போகமாட்டார்கள். முதலில் விளக்கை நகர்த்துவார்கள். தம்பிக்கும் என் பதில் அதேதான்: உங்கள் ப்ராஜெக்ட் விளக்கில் இருக்கிறது.

ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுத்தின் பள்ளத்தில் விழும் நிழல் அதே பள்ளத்தின் விளிம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், கேமரா பார்க்காது. வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்தால்தான் ஒவ்வொரு கோடும் எழுந்து நிற்கும். கல்வெட்டு படிப்பவர்கள் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சுவரில் சாய்வாக அடிப்பது இதற்காகத்தான்.

ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் ஒரு திசைக் கோடுகள் தெரியும், விளக்குக்கு நேராக ஓடும் கோடுகள் மறையும். அதனால் கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்தி, நாற்பது ஐம்பது படம் எடுக்க வேண்டும். பளபளப்பில்லாத பரப்பில் ஒளி நேராக விழும் இடம் பிரகாசம், சாயச் சாய மங்கல். லாம்பர்ட் 1760-இல் எழுதிவைத்த விதி. இதைத் திருப்பிப் போட்டு, பிரகாசத்திலிருந்து ஒவ்வொரு பிக்சலிலும் கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம் என 1980-இல் உட்ஹாம் காட்டினார். ஃபோட்டோமெட்ரிக் ஸ்டீரியோ என்று தேடுங்கள். கணக்குப்படி மூன்று படம் போதும். நிழலும் பளபளப்பும் கெடுப்பதால்தான் நாற்பது.

2001-இல் எச்.பி. ஆய்வகத்தில் மால்ஸ்பெண்டர், கெல்ப், வோல்டர்ஸ் மூவரும் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆறே எண்களைச் சேமித்து, திரையில் மவுஸை நகர்த்தினால் விளக்கு நகர்வதுபோலக் காட்டினார்கள். அதே ஆய்வகக் குழு 2005-இல் ஏதென்ஸ் போய், ஆன்டிகிதெரா இயந்திரத்தின் (பழங்கால கிரேக்கர்களின் வானியல் கணக்குப் பொறி) துருப்பிடித்த துண்டுகளை அப்படிப் படமெடுத்தது. அந்த முறையும் எக்ஸ்ரே சி.டி.யும் சேர்ந்து, அதுவரை படித்திருந்த எழுத்துகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது. இன்று இதைப் பொதுவாக ஆர்.டி.ஐ. என்பார்கள் (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்; தகவல் உரிமைச் சட்டம் இல்லை, கைடிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்). பீசா ஆய்வகத்தின் ரிலைட் என்ற மென்பொருள் இலவசம். ஆனால் நீங்களே பைத்தானின் நம்பை (NumPy) வைத்து எழுதுங்கள். நாற்பது வரி தாண்டாது, வைவாவில் தைரியமாகப் பேசலாம்.

விளக்கு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் தெரிய வேண்டுமே? அதற்கு ஒரு கறுப்புக் கோலிக்குண்டு. கல்வெட்டின் ஓரத்தில், ஃபிரேமுக்குள், அதே தளத்தில் நிற்க வையுங்கள். கறுப்புப் பரப்பில் விளக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். படத்தில் குண்டின் ஆரம் 100 பிக்சல், புள்ளி மையத்திலிருந்து வலப்பக்கம் 50 பிக்சல் என்று வையுங்கள். அந்த இடத்தில் குண்டின் பரப்பு கேமராவிலிருந்து 30 டிகிரி திரும்பியிருக்கிறது. பிரதிபலிப்பு அதைப்போல் இரு மடங்கு, அதாவது 60 டிகிரி. ஆக விளக்கு வலப்பக்கம், சுவரின் தளத்துக்கு 30 டிகிரி கோணத்தில். அவ்வளவுதான், அளவுநாடாகூட வேண்டாம். குண்டின் விட்டம் படத்தில் 200 பிக்சலாவது வரட்டும். 30 செ.மீ. அகலத்தை 4000 பிக்சலில் எடுத்தால் 15 மி.மீ. கோலி போதும். எவர்சில்வர் குண்டு வேண்டாம், கோபுரம் வரைக்கும் அதில் தெரியும்.

விளக்கை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 30 செ.மீ. அகலத்துக்கு, நடுவிலிருந்து அரை மீட்டரில் பக்கவாட்டாக விளக்கைப் பிடித்தால், கிட்ட இருக்கும் ஓரம் 35 செ.மீ., தூர ஓரம் 65 செ.மீ. கிட்ட ஓரத்தில் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வெளிச்சம். மென்பொருள் இதைக் கல்லின் சாய்வு என்று நம்பிவிடும். இரண்டு மீட்டருக்குப் போனால் வித்தியாசம் 1.35 மடங்குதான். ஒரு நூலை அளந்து விளக்கில் கட்டி, ஒவ்வொரு முறையும் நுனியை நடுவில் தொட்டுப் பார்த்து, நூலை விலக்கிவிட்டு அடியுங்கள். ரா ஃபார்மேட், மேனுவல் எக்ஸ்போஷர், மேனுவல் ஃபோகஸ். ஜேபெக் எடுத்தால் பிரகாசம் நேர்விகிதத்தில் இருக்காது, லாம்பர்ட் கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

நடுகல்:

நான் கணினி ஆள் இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டு பார்க்கப் போகிறவள். தம்பிக்கு மூன்று விஷயம்.

எழுத்து தெரிவதற்காகக் கல்லில் மைதா மாவைத் தேய்ப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். பல கோயில்களில் மணல் வீசிச் சுத்தம் செய்து, சுண்ணாம்பும் பெயின்டும் அடித்து ஏற்கெனவே பாதி எழுத்து போய்விட்டது. சாய்வொளி சொல்வதில் கல்லைத் தொடவே வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. மைப்படி எடுக்க வேண்டுமென்றால் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, மை ஒற்ற வேண்டும். பொரிந்து உதிரும் கல்லுக்கு அந்தத் தட்டலே ஆகாது.

அடுத்தது, நீங்கள் அதிர்ஷ்டக்காரர். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இலேயே தன் எல்லையில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் வாசகத்தை அச்சிட்டுவிட்டது. உங்கள் கோயில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அன்று படித்த வரி கையில். இன்று சுவரில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒப்பிடலாம்.

மூன்றாவது, கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் பிரித்து எழுதமாட்டார்கள். நடுநடுவே கிரந்தம் வரும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. எழுத்தை அடையாளம் கண்டதும் இன்றைய தமிழ் வந்துவிடாது, அதற்கு வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கைடு சாரிடம் இதையும் சொல்லுங்கள்.

கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் ட்ரைபாடு வைக்கவே அனுமதி வேண்டும்.

புதுகைப் பொடியன்:

அண்ணா, அம்மா, ரொம்ப நன்றி. 1929 தொகுப்பில் எங்கள் ஊர் இருக்கிறது! ஐந்து கல்வெட்டு. ஒன்றில் எங்கள் ஊர் ஏரியின் பெயரே வருகிறது, அதே பெயரைத்தான் இன்றும் சொல்கிறோம்.

சில சந்தேகம். (1) நல்ல வரிகள் எல்லாம் குமுதத்தில் (சுவர் அடித்தளத்தில் புடைத்து நிற்கும் வரிசை) இருக்கின்றன, அது உருண்டை. ஃபோகஸ் நிற்குமா? (2) பகல் வெளிச்சத்தை என்ன செய்வது? (3) கைடுக்கு டீப் லேர்னிங் வேண்டும். (4) "ரிசல்ட் எங்கே, அக்யூரசி எவ்வளவு" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

சாய்வொளி:

குமுதத்தில் தொடங்க வேண்டாம். அதற்குக் கீழே உள்ள ஜகதி வரிசையில் தட்டையாக ஒரு வரி பாருங்கள். குமுதம்தான் வேண்டுமென்றால் லென்ஸின் அப்பர்ச்சரை எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்து, உயரத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுங்கள். வெளிச்சத்துக்கு, பொழுது சாய்ந்தபின் போய்விடுங்கள். அது முடியாவிட்டால் விளக்கில்லாமல் ஒரு படம் எடுத்து எல்லாப் படங்களிலிருந்தும் கழியுங்கள். மேகம் ஓடும் நாளில் இது பலிக்காது.

நான்காவது கேள்விதான் உங்கள் ப்ராஜெக்டே. அதை இரண்டாகப் பிரியுங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க, கல்லே வேண்டாம். ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை பளபளப்பில்லாத வெள்ளை ப்ரைமர் அடித்து எடுங்கள். 40 மி.மீ. உருண்டை, ஒவ்வொரு புள்ளியிலும் பரப்பு எந்தத் திசை என்று முன்கூட்டியே தெரியும். உங்கள் விடைக்கும் அதற்கும் சராசரி எத்தனை டிகிரி வித்தியாசம்? அது ஒரு எண். கேமரா கைக்கு வரும் முன்பே தொடங்க 2016-இல் வந்த டிலிஜென்ட் தரவு இருக்கிறது: பத்துப் பொருள், ஒவ்வொன்றுக்கும் 96 விளக்குத் திசை, சரியான விடையோடு. எளிய முறைக்கு அதில் சராசரியாக 15 டிகிரி அளவுக்குப் பிழை வரும். பிழை முக்கியமாக எங்கே என்று பார்த்தால், பளபளக்கும் இடங்களிலும் நிழல் விழும் குழிவுகளிலும். கோயில் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஆக இதே தொல்லை உங்களுக்கும் வரும். ஒவ்வொரு பிக்சலிலும் மிகப் பிரகாசமான சில படங்களையும் மிக இருட்டான சிலவற்றையும் தள்ளிவிட்டு மீதியில் கணக்குப் போடுங்கள். டீப் லேர்னிங் முறைகளையும் இதே தரவில்தான் அளக்கிறார்கள். ஒன்றை இறக்கி ஓட்டி, உங்கள் முறைக்குப் பக்கத்தில் ஒரு பட்டியலாகப் போடுங்கள். கைடும் திருப்தி.

பளபளப்புக்கு இன்றும் பலர் எடுத்துக்கொள்ளும் சூத்திரம் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1973-இல் ஒரு மாணவரின் பிஎச்.டி.யில் வந்தது: வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங். ஒரு பொருள் எப்படித் தெரிகிறது என்று உட்கார்ந்து பார்த்ததில் வந்த வேலை. "இதெல்லாம் பழசுதானே" என்று ரிவ்யூவில் யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எண் படிப்பதைப் பற்றியது. பழைய எழுத்து தெரிந்த சிலரிடம் சாதாரணப் படத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், வேறு சிலரிடம் உங்கள் படத்தை. 1929 வாசகத்தோடு ஒப்பிட்டு, சரியாகப் படித்த எழுத்துகளை எண்ணுங்கள்.

நடுகல்:

குறுக்கிடுகிறேன். அப்படி எண்ணினால் ஏமாந்துவிடுவீர்கள். "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடங்கினால் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்கு மனப்பாடம். "திருமகள் போல" என்று இரண்டு சொல் தெரிந்தால் ராஜராஜன் மெய்க்கீர்த்தியை (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரை) கல்லைப் பார்க்காமலே ஒப்பித்துவிடுவேன். ஆட்பெயர், ஊர்ப்பெயர், நில அளவு, காசு, நெல் இந்த இடங்களை மட்டும் எண்ணுங்கள். அங்கே யூகம் செல்லாது. உங்கள் ஏரிப் பெயரையும் விட்டுவிடுங்கள், உள்ளூர்க்காரர் யாரும் ஊகித்துவிடுவார்கள்.

சாய்வொளி:

அம்மா சொன்னது நான் யோசிக்காத விஷயம். அப்படியே செய்யுங்கள் தம்பி. ரிவ்யூவில் யாரும் மடக்க முடியாத கேள்வி இதுதான்: "சாய்வொளிப் படத்தில் பெயர்களும் எண்களும் எத்தனை கூடுதலாகப் படிக்கப்பட்டன?" டைட்டிலும் இதுவே. செயலி, இன்றைய தமிழ் எல்லாம் அடுத்த பேட்ச் செய்யட்டும்.

பணத்துக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டம் இருக்கிறது, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு எல்.இ.டி. விளக்கும் நூலும் கோலியும்தானே.

புதுகைப் பொடியன்:

அண்ணா, கோலி கேட்டால் கடையில் எல்லாம் உள்ளே கலர் பூப்போட்ட கண்ணாடிதான் தருகிறார்கள். அதில் கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா?

சாய்வொளி:

அடிக்காதீர்கள், பெயின்ட் வழிந்து ஒரு பக்கம் தடித்தால் புள்ளி நகர்ந்துவிடும். முழுக் கறுப்பு கிடைக்காவிட்டால் பழைய ஸ்னூக்கர் கிளப்பில் கேளுங்கள். ஓரம் சிதைந்த கறுப்புப் பந்து ஒன்று மூலையில் கிடக்கும். அது 52.5 மி.மீ. இருக்கும், அதனால் ஃபிரேமைக் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தின் மையம் கல்லின் தளத்திலிருந்து வெகுவாக முன்னால் வந்து ஃபோகஸ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.