வீட்டிலேயே பிஎஸ்ஏ பார்க்கும் கருவியை நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு 64 வயது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டே, புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கப்படும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) அளவைக் காட்டும் பட்டைகளும் கைக்கருவிகளும் விற்பனையில் உள்ளன. குளுக்கோமீட்டர் போல வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறார். வாங்கித் தரலாமா?

பதில் 1 (ஆய்வக நுட்பர்):
குளுக்கோமீட்டர் செய்யும் வேலை இதைவிட மிக எளிது. சர்க்கரை 100 என்றால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் இருக்கிறது. பிஎஸ்ஏவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்போ மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம், அதாவது அதைவிட இரண்டரை லட்சம் மடங்கு குறைவு. இவ்வளவு சிறிய அளவைப் பிடிப்பதற்காகப் பட்டையில் தங்க நுண்துகள்களோடு இணைத்த ஆன்டிபாடிகளை வைத்திருப்பார்கள். அவை பிஎஸ்ஏவைப் பற்றிக்கொண்டு நகர்ந்து, ஓரிடத்தில் சேரும்போது சிவப்புக் கோடு தெரியும். கண்ணால் பார்க்கும் அந்தக் கோட்டை வைத்து 3.8 எது, 4.2 எது என்று பிரித்தறிய முடியாது. எண்ணாகவே காட்டும் கருவிகளும் உண்டு என்றாலும், கருவிக்குக் கருவி அளவு மாறுபடும் என்பதால் எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பார்ப்பதே நல்லது.

பதில் 2 (மருத்துவர்):
கருவி துல்லியமாக இருந்தாலும் பிஎஸ்ஏ என்ற குறியீடு தெளிவாகப் பேசுவதில்லை என்பதே என் பெரிய கவலை. வயதானோருக்கு வரும் சாதாரண புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் நெடுநேரம் சைக்கிள் ஓட்டியது என எதனாலும் பிஎஸ்ஏ ஏறலாம். 4க்குக் கீழே இருப்பவர்களிலும் சிலருக்குப் புற்றுநோய் இருப்பதுண்டு. இதுபோலவே இரத்தத்தில் பார்க்கப்படும், சினைப்பைப் புற்றுநோய்க்கான சிஏ-125 குறியீட்டைப் பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தும், அந்நோயால் நேரும் இறப்புகள் குறையவில்லை என்று 2021இல் முடிவு வெளியானது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் கண்காணிப்புக்காக இந்தப் பட்டையை வாங்குவது இன்னும் ஆபத்தானது. புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய பின் 0.2 அளவுக்கு ஏறினாலே நோய் திரும்பியதா என்று பார்க்க வேண்டியிருக்கும்போது, 4ஐ எல்லையாகக் கொண்ட பட்டை எதையும் காட்டாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தந்தை வீக்கத்துக்காக ஓராண்டாக ஃபினாஸ்டிரைடு மாத்திரை உட்கொள்கிறார். அதனால் ஏதும் மாறுமா?

பதில் 2 (மருத்துவர்):
நிச்சயமாக மாறும். அந்த மாத்திரை பிஎஸ்ஏவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும் என்பதால், ஆய்வகம் தரும் எண்ணை மருத்துவர்கள் இரட்டிப்பாக்கிப் பார்ப்போம். பட்டை வேண்டாம், சிறுநீர்ப்பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) அழைத்துச் செல்லுங்கள், மாத்திரையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.