சின்ன வயதில் பழகிய சாப்பாடும் சாமியும்: உங்கள் அனுபவம்?

ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்:
ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவார்கள். பள்ளி திறந்த புதிதில் எல்லாக் கையும் முட்டைக்குத்தான் நீளும். ஒரு சிறுமி அப்படித்தான் ஆசையாக வாங்கித் தின்றாள். மறுநாளே பாட்டி வந்துவிட்டார். அதட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுல இது ஆகாது தாயி, சாமி கோவிச்சுக்கும்" என்றார், அவ்வளவுதான். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள், பக்கத்துப் பிள்ளை முட்டை உரித்தாலே மூக்கைப் பொத்தினாள். நடிப்பில்லை, உண்மையாகவே குமட்டியது. அந்தச் சாமி யார், எந்த ஊர் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. "பிறவியிலேயே எங்களுக்கு அந்த வாடை ஆகாது" என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் அவள் முகம்தான் நினைவுக்கு வரும். அதை நான் நம்புவதேயில்லை.

காயல்பட்டினத்துக்காரன், இப்போது வெளிநாட்டில்:
வேலைக்கு வந்த இடத்தில் தொழுகை ஒவ்வொரு வேளையாக விட்டுப்போனது. பிறகு ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகையும். ஆனாலும் மிட்டாய்ப் பாக்கெட்டைத் திருப்பி, ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுத்ததா என்று பார்க்காமல் வாயில் போட்டதில்லை. உம்மா பழக்கிய கை அது. போன ரமலானில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டு நானே கஞ்சி காய்ச்சினேன். நோன்பில்லாமல் அதைக் குடிக்க மனம் வரவில்லை. மறுநாள் நோன்பு வைத்தேன், பெருநாள் வரை விடவில்லை. இப்போது ஜும்ஆவுக்கும் போகிறேன்.

இரண்டு வயது மகளின் அம்மா, சென்னை:
அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சுவை, மணம் பற்றி ஆராயும் மோனெல் மையத்தில் ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும்போதோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை கேரட் கலந்த கூழுக்கு அவ்வளவாக முகம் சுளிப்பதில்லை. அப்படியென்றால் ருசி தொட்டிலுக்கும் முன்னால் தொடங்கிவிடுகிறது. நான் பெருமாள் வீடு, கணவர் கத்தோலிக்கர். புரட்டாசிச் சனிக்கிழமை அம்மா கையால் புளியோதரை, தவக்கால வெள்ளியில் மாமியார் கையால் மீன் குழம்பு என்று மகளுக்கு இரண்டையும் ஊட்டுகிறோம். வளர்ந்ததும் அவளே முடிவு செய்யட்டும் என்று தோழிகள் சொல்கிறார்கள். அதற்குள் நாக்கு முடிவு செய்துவிடும், அதனால்தான் இப்போதே இரண்டும். இப்படி இரண்டு வீட்டுச் சோற்றில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இன்றைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள், யாரைக் கும்பிடுகிறீர்கள்? எழுதுங்கள்.