நுண்கலை, இசை ரசனை அறிமுகப் பாடம்: முன்பயிற்சி இல்லாதவர் எப்படிப் படிப்பது?

கேள்வி (கோத்தகிரி, முதலாமாண்டு மாணவி)

அனைவருக்கும் வணக்கம். உதகையில் இளங்கலை வணிகவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் விருப்பப் பாடமாக நுண்கலை அறிமுகத்தையும் இசை ரசனையையும் எடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பாட்டோ ஓவியமோ முறையாகக் கற்றவர்கள் எவரும் இல்லை. தேர்வில் ஓர் ஓவியத்தைக் காட்டி அதை ஆராய்ந்து எழுதச் சொல்வார்கள். ஓர் இசைப்பகுதியை ஒலிக்கவிட்டு அதன் அமைப்பைக் கேட்பார்கள். அகமதிப்பீட்டுக்கு, நேரில் பார்த்த ஒரு கலைப்பொருளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும்.

"மிக அழகாக இருக்கிறது, மனத்தைக் கவர்கிறது" என்று எழுதியவுடன் எனக்குப் பேனா நின்றுவிடுகிறது. "எதனால் கவர்கிறது?" என்று ஆசிரியை கேட்டால் பதில் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகமும் சபா கச்சேரிகளும் மலைக்குக் கீழே வெகுதூரத்தில் இருக்கின்றன. இங்கிருந்தபடியே இதை எப்படிக் கற்பது?

பதில் 1 (குன்னூர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்)

உங்கள் ஆசிரியை கேட்ட "எதனால்?" என்ற கேள்விதான் அம்மா, இந்தப் பாடம் முழுவதும். அதற்கு விடை சொல்ல முதலில் கண்ணில் படுவதை மட்டும் எழுதப் பழகுங்கள். பொருளும் தீர்ப்பும் பிறகு வரட்டும். கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த நிறம் மிகுதி, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, பார்வை முதலில் எங்கே போய் நிற்கிறது, பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்று ஒரு பக்கம் எழுதிய பின்னரே "இது எனக்கு எப்படித் தோன்றுகிறது" என்ற வரிக்கு வாருங்கள்.

இதற்குச் சென்னை போக வேண்டியதில்லை. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பெண்கள் தைக்கும் பூத்துக்குளி என்னும் பூவேலைப் போர்வையை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்கள்தாம் பெரும்பாலும் ஓடும். துணியில் கோலம் எதையும் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. ஊடும் பாவுமாக இருக்கும் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். அதனால்தான் அந்த வேலைப்பாட்டில் வளைகோடு அரிதாகவும் நேர்கோடும் முக்கோணமும் சாய்சதுரமும் மிகுதியாகவும் இருக்கின்றன. தைக்கும்போது நூலைச் சற்றே தளரவிட்டு மேலெழச் செய்வதால், விரலால் தடவினால் வடிவம் புடைத்துத் தட்டுப்படும். "வடிவத்தைச் செய்முறை தீர்மானிக்கிறது" என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதை இந்தத் துணி உங்கள் கையில் வைத்துக் காட்டிவிடும். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதைக் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஆனால் மதிப்பெண் அந்த வரிக்கு அன்று, விரல் உணர்ந்ததை நீங்கள் எழுதும் வரிக்குத்தான்.

உதகை ஸ்டீபன் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் பாருங்கள், மஞ்சு மூடிய காலையில் ஒருமுறை, வெயில் ஏறிய பிறகு மறுமுறை. நிறம் என்பதும் ஒளியின் அளவு என்பதும் வெவ்வேறு என்பதை நான் வகுப்பில் எத்தனை சொன்னாலும் அந்தச் சன்னல் சொல்வதைப் போல வராது.

தேர்வுக்கு ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்; செய்முறையோடு சேர்த்துப் படியுங்கள். லியொனார்டோ டா வின்சி மிலான் நகரில் 1495க்கும் 1498க்கும் இடையே தீட்டிய "கடைசி இராவுணவு" ஓவியத்தில் சுவர்க்கோடுகளும் கூரைக்கோடுகளும் இயேசுவின் தலையருகே வந்து கூடுகின்றன. அதனால்தான் பார்வை அங்கேயே போய் நிற்கிறது. ஆனால் அதை அவர் உலர்ந்த பூச்சின்மேல் தீட்டியதால், அவர் உயிரோடு இருந்தபோதே அது உதிரத் தொடங்கிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களோ ஈரச் சுண்ணப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்டன. இப்படி இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்தால் ஆண்டு தானாக நினைவில் நிற்கும்.

பதில் 2 (கொடைக்கானல், இசை ஆசிரியை)

ஐயா ஓவியத்துக்குச் சொன்னது இசைக்கும் பொருந்தும் என்றாலும் ஒரு வேறுபாடு உண்டு. ஓவியம் நமக்காகக் காத்திருக்கும். இசை நம்மைக் கடந்து போய்விடும். ஆகவே எது திரும்பி வருகிறது என்று கவனிப்பதே முதல் பயிற்சி.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி (1808) உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் வரும் நான்கு சுரங்கள் மூன்று குறிலும் ஒரு நெடிலுமாக ஒலிக்கின்றன. முதல் பகுதி முழுவதும் அந்தக் குறில் குறில் குறில் நெடில் உயர்ந்தும் தாழ்ந்தும், ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குக் கைமாறியும் வருவதை, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தோடு குறித்துக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது கருவிகளை மட்டும் கவனியுங்கள். அந்தக் குறிப்பிலிருந்தே பகுதியின் அமைப்பு தெரிந்துவிடும்.

அடுத்து ஆதி தாளத்தில் அமைந்த ஒரு கிருதியை, அதாவது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுதிகளைக் கொண்ட கர்நாடக இசைப் பாடலைக் கேளுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை, ஆக எட்டு. கை தவறாமல் போட வந்துவிட்டால், அனுபல்லவியும் சரணமும் முடிந்து பல்லவி எங்கே திரும்புகிறது என்பதைக் காது தானே கண்டுகொள்ளும். ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று அஞ்ச வேண்டாம். அறிமுகப் பாடத்தில் பெயரைவிட அமைப்பே பெரிது.

உங்கள் பக்கத்தில் நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் இசை இருக்கிறதே! கொள் என்னும் ஊதுகருவியும் பறைகளும் கொம்பும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டு, நாகசுரத்தோடு ஒப்பிட்டு, எந்த ராகச் சாயல் என்று எழுதலாம்.

பதில் 3 (உதகை, பழங்குடிப் பண்பாட்டு ஆய்வு மாணவர்)

இசை ஆசிரியை அம்மா சொன்னவற்றில் கடைசிக் கருத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். கோத்தர் இசை மேடைக்கு உரியதன்று. கோயில் விழாவுக்கும் ஆடலுக்கும் இறப்புச் சடங்குக்கும் தனித்தனியே உரிய இசைகள் அவர்களிடம் உள்ளன. அதில் ராகம் தேடினால், அது எந்த வேளைக்கு, யாருக்காக வாசிக்கப்படுகிறது என்ற முதன்மையான செய்தி விடுபட்டுப்போகும். கருவிகளின் ஒலியை ஒப்பிடுவது தகும். இலக்கணத்தை ஏற்றிப் பார்ப்பது தகாது. கோத்தர்களின் கோயில் விழாவான அய்யனோர் அம்மனோர் விழாவுக்குச் செல்வதானால் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்; ஒலிப்பதிவு செய்வதற்குத் தனியாக அனுமதி பெறுங்கள்.

பூத்துக்குளியைப் பற்றி எழுதுவதும் அப்படியே. தைப்பவரிடம் அந்த வடிவங்களின் பெயர்களைக் கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். அது விற்பனைக்குத் தைத்ததா, வீட்டில் உடுத்துவதற்கா, இறந்தவருக்குப் போர்த்துவதற்கா என்பதையும் கேளுங்கள். ஒரே வேலைப்பாடு இந்த மூன்று இடங்களிலும் வெவ்வேறு பொருள் தரும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கட்டுரைக்குப் பூத்துக்குளியையே எடுத்துக்கொள்கிறேன். முத்தநாடு மந்து என்னும் தோடர் ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர் என் வகுப்புத் தோழியின் வீட்டுக்குப் பழக்கமானவர், அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். ஓர் ஐயம் மட்டும்: துணியின் எந்தப் பக்கத்தை வரைந்து காட்டுவது?

பதில் 1

இரண்டு பக்கங்களையும் வரையுங்கள் அம்மா. துணியின் பின்பக்கத்திலிருந்துதான் தைப்பார்கள். இரு புறமும் ஒன்றுபோல் தோன்றினாலும் தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எதை நல்ல பக்கம் என்று தைத்தவர் சொல்கிறார் என்பதைக் கேட்டு, படத்துக்குக் கீழே குறித்துவிடுங்கள்.