ஆட்டுக்கு மேல் முன்பல் இல்லையே, கிழடா?

கேள்வி:
மேச்சேரி இனச் செம்மறி ஒன்று வாங்கப் போறேனுங்க. மேல்தாடையில் முன்பல்லே இல்லை. சோளத்தட்டு தின்னுமா?

பதில் 1:
ஆடு, மாடு எதற்குமே மேல் முன்பல் கிடையாதுங்க, கெட்டி ஈறுதான். கீழ் முன்பல் 8-ஐ அந்த ஈறோடு அழுத்தித்தான் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) புல்லைக் கடிக்கும். வயதைக் கீழ்ப்பல்லில் பாருங்க. எல்லாம் பாற்பல் என்றால் பெரும்பாலும் ஒன்றேகால் வயதுக்குள். நடுவில் அகலமாக ரெண்டு பல் போட்டிருந்தால் ஒன்றரை வயது சுமார். நாலு பல்லுக்கு ரெண்டு, ஆறு பல்லுக்கு மூன்று, கடைசி ரெண்டும் சேர்ந்து எட்டுப் பல் ஆனால் நாலு வயது. அப்புறம் பல்லின் தேய்மானத்தையும் இடைவெளியையும் வைத்துத்தான் வயது பார்க்கணும்.

பதில் 2:
முன்பல்லை மட்டும் பார்த்து விலை பேசாதீங்க. சோளத்தட்டை அரைப்பது கடைவாய்ப்பல். தாடை பக்கவாட்டில் ஓடும். பல்லில் எனாமலைவிட உள்பகுதி மெது, அது முதலில் தேய்வதால் கொத்தின அம்மி மாதிரி எனாமல் வரம்பு சொரசொரப்பாகவே நிற்கும். ஒரு பல் விழுந்தால் எதிர்ப்பல் தேயாமல் நீண்டு ஈறைக் குத்தும். அசைபோடும்போது தீனி உருண்டையாக வெளியே விழும், கன்னம் உப்பும், உடம்பு இளைக்கும். வாய்க்குள் விரல் விட்டால் வெட்டிவிடும். கன்னத்துக்கு வெளியே தடவினாலே மேடுபள்ளம் தெரியும். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே பட்டியில் இருந்தால் தட்டைப் பொடியாக நறுக்கி, புண்ணாக்கை ஊறவைத்துக் கொடுங்க.

கேட்டவர்:
நம்ம பல்லும் அப்படித் தேய்ந்து வளருமாங்க?

பதில் 3:
வளராதுங்க. ஆட்டின் கடைவாய்ப்பல் ஈறுக்குள் நீளமாக இருப்பு வைத்திருக்கும். தேயத் தேய மேலே வரும். நம்ம பல் குட்டை. கொள்ளுப் பயறையும் கறியையும் நசுக்கப் போதும், எனாமல் போனால் போனதுதான்.